பட்டம் ஒன்று, தொடக்கம் எத்தனை?

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையைப் பிரித்தால் பெயர்களுக்குப் பின்னால் பட்டங்கள் வரிசையாக வரும். மாப்பிள்ளை வீடு மழவராயர், பெண் வீடு சேதுராயர், தாய்மாமன் காலிங்கராயர். தங்கள் நல்வரவை விரும்பும் உறவினர் பட்டியலில் வாண்டையார், கண்டியர், சோழகர், மண்கொண்டார், தொண்டைமான், பல்லவராயர். தஞ்சைக் கள்ளர் குடும்பங்களில் இவை தந்தைவழியாக இறங்கிவரும் பெயர்கள். நடுக்காவேரியில் பிறந்த ந.மு. வேங்கடசாமி நாட்டார் 1923இல் வெளியிட்ட ‘கள்ளர் சரித்திரம்’ இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான பட்டங்களைத் தொகுத்துத் தந்திருக்கிறது. அவர் பெயரில் நிற்கும் ‘நாட்டார்’ என்பதும் ஒரு பட்டமே. அப்பா பெயரின் முதலெழுத்தோடு நிறுத்திக்கொள்வது தமிழ்நாட்டின் பொது வழக்கம். ஐரோப்பியரின் குடும்பப்பெயரைப் போன்ற ஒன்றைத் தேடினால் டெல்டாவின் இந்தப் பட்டங்களில்தான் அது கிடைக்கிறது.

வரன் பார்க்கும்போது முதலில் கேட்பது பட்டத்தைத்தான். இரு வீட்டாரும் பல்லவராயர் என்று தெரிந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். “நாம பங்காளியாச்சே, அண்ணன் தங்கச்சி முறையில்ல வருது” என்று பெரியவர்கள் எழுந்துவிடுவார்கள். ஒரு வீடு திருவையாற்றுப் பக்கம், இன்னொரு வீடு பேராவூரணிப் பக்கம் என்றாலும், இருவருக்கும் பொதுவான பாட்டன் பெயரைச் சொல்ல ஊரில் ஆளே இல்லை என்றாலும் முறை முறைதான். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரே பட்டம் தாங்கிய எல்லோரும் உண்மையில் ஒரு பாட்டனின் பிள்ளைகளா? அந்தப் பாட்டன், பெயர் சொல்வதுபோல, காஞ்சியை ஆண்ட பல்லவனா? முதல் கேள்வியைச் சோதித்துப் பார்க்க இன்று வழி இருக்கிறது. இரண்டாவதற்கு அந்த வழி எவ்வளவு தூரம் உதவும் என்பதையும் பார்ப்போம்.

நம் உடலின் ஏறத்தாழ ஒவ்வொரு உயிரணுவிலும் 23 இணை நிறப்புரிகள் இருக்கின்றன. குரோமோசோம் என்பதைத் தமிழில் இப்படிச் சொல்வதுண்டு. 22 இணைகளில், ஒவ்வோர் இணையிலும் ஒன்று அப்பா தந்தது, மற்றது அம்மா தந்தது. அடுத்த தலைமுறைக்குப் போகும்போது இவை துண்டு மாற்றிக்கொண்டு கலந்துவிடும். கடைசி இணை வேறு மாதிரி. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். ஒய் நிறப்புரிக்குச் சரிசமமான ஜோடி இல்லாததால் அதன் பெரும்பகுதி எதனோடும் கலப்பதில்லை. அப்பனிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு ஏறத்தாழ அப்படியே போகிறது. பட்டம் போகும் வழியும் இதுதான். பெண் பிறந்த வீட்டுப் பட்டத்தைத் தன் பிள்ளைக்குத் தருவதில்லை. ஒய் அவளிடம் இல்லவே இல்லை. சமூகம் தந்த பெயரும் உடல் தந்த பொருளும் ஒரே பாதையில் நடப்பதால்தான் ஒன்றைக் கொண்டு மற்றதைச் சோதிக்க முடிகிறது.

எல்லா ஆண்களிடமும் ஒய் இருக்கிறதே, ஒரு கால்வழியை இன்னொன்றிலிருந்து எப்படிப் பிரித்தறிவது? தஞ்சை சரசுவதி மகாலில் இருக்கும் சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலைப் பார்த்து ஒருவர் படியெடுக்கிறார். எங்கோ ஓரிடத்தில் ‘ல’கரத்தை ‘ள’கரமாக எழுதிவிடுகிறார். அந்தப் படியைப் பார்த்து எழுதுகிறவர் அந்தப் பிழையையும் எழுதுவார், தன் பங்குக்கு ஒரு புதுப் பிழையும் சேர்ப்பார். உத்தமதானபுரத்துச் சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பல ஏடுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது இதற்காகத்தான்: ஒரே பிழைகளைத் தாங்கிய ஏடுகள் ஒரே மூல ஏட்டிலிருந்து வந்தவை. ஒய் நிறப்புரியும் தலைமுறைக்குத் தலைமுறை படியெடுக்கப்படுகிறது. நம்பி வாசிக்கக்கூடிய பகுதியில் ஏறத்தாழ ஒரு கோடி டி.என்.ஏ. எழுத்துகள். அவற்றில் சராசரியாக மூன்று நான்கு தலைமுறைக்கு ஓர் எழுத்து மாறுகிறது. இதை ஒற்றையெழுத்துத் திரிபு எனலாம். ஒரே சிறு துண்டு பலமுறை அடுத்தடுத்து வரும் இடங்களும் உண்டு. அங்கே 13 முறை வந்தது மகனிடம் 14 முறை என்று ஆகிவிடும். இதற்குக் குறுந்தொடர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்களின் திரிபுகளை ஒப்பிட்டு, எத்தனை வேறுபடுகின்றன என்று எண்ணினால், அவர்களின் பொதுப் பாட்டன் சுமார் எத்தனை தலைமுறைக்கு முன் வாழ்ந்தார் என்பது தெரிந்துவிடும். 300 ஆண்டா, 3,000 ஆண்டா என்று சொல்வதில் தடுமாற்றம் இருக்காது.

குடும்பப்பெயரை இப்படிச் சோதித்துக் காட்டியவர் ஆக்ஸ்ஃபோர்டின் பிரயன் சைக்ஸ். தன் பெயரையே எடுத்துக்கொண்டார். சைக்ஸ் என்ற பெயருள்ள ஆண்களுக்குக் கடிதம் எழுதி, கன்னத்தின் உட்புறத்தைத் தூரிகையால் தேய்த்து அனுப்பச் சொன்னார். 2000ஆம் ஆண்டில் வெளியான முடிவில், சோதித்த 48 பேரில் 21 பேர் ஒரே ஒய் வடிவத்தைத் தாங்கியிருந்தார்கள். அதே வட்டாரத்தில் வேறு பெயருள்ளவர்களிடம் அந்த வடிவம் காணப்படவில்லை. அந்த 21 பேரும் ஒரு பாட்டனின் வழிவந்தவர்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

2009இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் இதை விரித்தார்கள்: 40 குடும்பப்பெயர்கள், 1,678 ஆண்கள். அட்டன்பரோ போன்ற அரிய பெயரில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் ஒரே கால்வழி. ஸ்மித் என்ற பெயரிலோ, தெருவில் போகிற யாரோ சிலரை நிறுத்திச் சோதித்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. ஸ்மித் என்றால் கொல்லர். ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார், ஒவ்வொருவரும் தனித்தனியாக அந்தப் பெயரைப் பெற்றார். ஆக, தொழிலிலிருந்தோ பதவியிலிருந்தோ பிறந்த பெயருக்குத் தொடக்கங்கள் பல.

டெல்டாப் பட்டங்கள் அட்டன்பரோ வகையா, ஸ்மித் வகையா? இதற்கு ஆய்வுக்கூடத்துக்குப் போகுமுன் கல்வெட்டுக்குப் போக வேண்டும். நம் ஊரின் பெரிய வசதி அது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பட்டங்கள் யார் யாருக்குக் கொடுக்கப்பட்டன என்று கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ஸ்ரீகாரியம், அதாவது கோயில் நிர்வாகம், பார்த்த அதிகாரியின் பெயர் இப்படி வருகிறது: பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான். பிரித்துப் பார்ப்போம். பொய்கைநாடு அவருடைய நாடு. கிழவன் என்றால் அங்கே நிலவுரிமை உடையவர். ஆதித்தன் அவர் தந்தை. சூரியன் அவர் சொந்தப் பெயர். ‘ஆன’ என்ற ஒட்டுக்குப் பிறகு வருவது அரசன் தந்த பட்டம். பிறப்பால் வந்ததும் அரசவையில் கிடைத்ததும் அந்த ஒட்டுக்கு இப்புறமும் அப்புறமுமாகத் துல்லியமாகப் பிரிந்து நிற்கின்றன. மூவேந்தவேளான் என்று முடியும் பெயர்கள் சோழர் கல்வெட்டுகளில் எங்கு பார்த்தாலும் கிடைக்கும். ஒவ்வொருவருக்கும் நாடு வேறு, தந்தை வேறு. அதே கோயிலின் திருச்சுற்று மாளிகையை எழுப்பிய சேனாபதி கிருஷ்ணன் இராமன், மும்முடிச்சோழப் பிரம்மராயன். அவர் பிராமணர். மும்முடிச்சோழன் என்பது அரசன் பெயர், அவருடையதன்று. கோயிலைக் கட்டிய சிற்பி குஞ்சரமல்லன், இராஜராஜப் பெருந்தச்சன். நாவிதருக்கும் இராஜராஜப் பெருநாவிசன் என்ற பட்டம் கல்லில் இருக்கிறது. இராஜராஜன் பெயர் தாங்கிய இவர்களில் யாரும் இராஜராஜனின் பிள்ளை இல்லை. பட்டம் அவர்கள் செய்த பணிக்குக் கிடைத்த மரியாதை. ஒரு தச்சனுக்கும் நாவிதனுக்கும் தன் பெயரையே சூட்டி அதைக் கல்லிலும் வெட்டிவைத்த அந்த வழக்கத்தை எண்ணி எனக்கு எப்போதும் மதிப்பு உண்டு.

பல்லவராயருக்கு வருவோம். மயிலாடுதுறைப் பக்கம் பல்லவராயன்பேட்டையில் 12ஆம் நூற்றாண்டு நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அதன் நாயகர் திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பிப் பல்லவராயர். இரண்டாம் இராஜராஜன் இறந்தபோது அரச பிள்ளைகளைக் காத்து, இரண்டாம் இராஜாதிராஜனை அரியணையில் அமர்த்தி, ஈழப் படையோடு நடந்த பாண்டிநாட்டுப் போரையும் நடத்தியவர். அவர் சொந்த ஊர் தொண்டை மண்டலத்துக் குளத்தூர். அவர் காலத்தில் பல்லவர் ஆட்சி முடிந்து இரண்டரை நூற்றாண்டு கடந்திருந்தது. இன்னொரு புறம், கலிங்கப் போரின் தளபதியான கருணாகரத் தொண்டைமான், திருநறையூர் நாட்டு வண்டாழஞ்சேரிக்காரர். இன்றைய நாச்சியார்கோயில் பக்கம். பெயர் தொண்டைமான், ஊரோ காவிரிக்கரை. தில்லைக்குப் பல திருப்பணிகள் செய்த நரலோகவீரனான அரும்பாக்கத்து மணவிற் கூத்தன் காலிங்கராயன் என்ற பட்டம் பெற்றார். கொங்கு நாட்டிலும் காலிங்கராயர் உண்டு. பவானியிலிருந்து வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை ஓடுகிறது, அந்த மரபினர் ஊத்துக்குளியில் இருக்கிறார்கள். அவர்கள் கொங்கு வேளாளர். அரியலூர் மழவராயர் வன்னியர். ஒரே பட்டம் இப்படிப் பல குலங்களில் நிற்கிறது என்றால் அது பலமுறை, பல இடங்களில், பல பேருக்குத் தரப்பட்டது என்று பொருள்.

எனவே தஞ்சைப் பகுதியில் ஒரு பட்டத்தைச் சேர்ந்த நூறு ஆண்களின் ஒய் வடிவங்களைப் பார்த்தால், சைக்ஸ் கண்டதுபோல ஒரே கொத்தை நான் எதிர்பார்க்க மாட்டேன். பல்லவராயர் போல எங்கும் பரவிய பட்டத்தில் பல சிறு கொத்துகள் இருக்கும். நாலைந்து ஊர்களுக்குள் மட்டும் வழங்கும் அரிய பட்டத்தில் பெரிய கொத்து ஒன்று இருக்கலாம். ஆய்வுக்கூடம் இல்லாமலே ஒரு முன்னறிவிப்பும் கிடைக்கும்: குலதெய்வம். ஒரே பட்டத்தார் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு குலதெய்வத்துக்குப் படையல் போடுகிறார்கள் என்றால், அவை தனித்தனியாகத் தொடங்கிய கால்வழிகளாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே தெய்வம், ஒரே முதல்மரியாதை, ஒரே பங்காளிக் கூட்டம் என்றால் ஒய் வடிவமும் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம்.

ஒரே பாட்டனிலிருந்து தொடங்கிய பட்டமாக இருந்தாலும் வழி முழுக்க அறுபடாமல் வராது. தத்து, வீட்டோடு மாப்பிள்ளை, மறுமணத்தில் கூட வந்த பிள்ளை, வெளியே சொல்லப்படாத பிறப்பு என்று பெயரும் ஒய்யும் பிரியும் இடங்கள் எந்தச் சமூகத்திலும் உண்டு. ஐரோப்பிய ஆய்வுகள் இந்தப் பிரிவைத் தலைமுறைக்கு நூற்றுக்கு ஒன்று இரண்டு என்று மதிப்பிடுகின்றன. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் 30 தலைமுறை, அதாவது ஏறத்தாழ 900 ஆண்டு, நூற்றுக்கு ஒன்று வீதம் போனால் கடைசியில் நூற்றில் 74 பேரிடம்தான் முதல் பாட்டனின் ஒய் இருக்கும். நூற்றுக்கு இரண்டு என்றால் 55 பேரிடம்.

தத்து எடுத்தாலே வழி அறுந்துவிடும் என்றும் இல்லை. சரசுவதி மகாலை வளர்த்த இரண்டாம் சரபோஜியே தத்துப்பிள்ளைதான். துளஜா மன்னர் 1787இல் தத்தெடுத்தார். பிள்ளை போன்ஸ்லே மரபின் இன்னொரு கிளையிலிருந்து வந்தவர். பங்காளி வீட்டுப் பிள்ளையைத் தத்தெடுத்தால் பெயரும் ஒய்யும் சேர்ந்தே தொடரும். மகள் வயிற்றுப் பேரனை எடுத்தால் பட்டம் தாத்தாவுடையது, ஒய் மருமகனுடையது. சொத்துக்காகத் தத்து எடுப்பது மிராசுதார் வீடுகளில் அபூர்வமில்லை என்பதால், இங்கே யாராவது இந்த ஆய்வைச் செய்தால் தத்துப் பத்திரங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

பெயரை வைத்து உறவை அளக்கும் யோசனை பழையது. சார்லஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின் 1875இல் இங்கிலாந்தில் ஒரே குடும்பப்பெயருக்குள் நடந்த திருமணங்களை எண்ணி, நெருங்கிய உறவுக்குள் எத்தனை திருமணம் நடக்கிறது என்று கணக்கிட்டார். அவருடைய பெற்றோரே அப்படிப்பட்ட தம்பதி. தாய் எம்மா வெட்ஜ்வுட், சார்லஸின் தாயாருடைய உடன்பிறந்த தம்பியின் மகள். நம் வழக்கில் மாமன் மகள், முறைப்பெண். இந்தக் கணக்கைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தால் விடை பூச்சியம் வரும். ஒரே பட்டத்துக்குள் திருமணமே கிடையாது. ஆனால் மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டுவது தலைமுறைகளாக நடந்திருக்கிறது. அவர்களுக்கு எப்போதும் வேறு பட்டம்தான். மரபணுக் கணக்கு என்ன சொல்கிறது? மாமன் மகளோடு நமக்குப் பொதுவான டி.என்.ஏ. எட்டில் ஒரு பங்கு. பதினைந்து தலைமுறைக்கு முன் பிரிந்த அதே பட்டத்துப் பெண்ணோடு அந்தப் பாட்டன் வழியாகப் பொதுவாக இருப்பது ஏறத்தாழ ஒன்றுமில்லை. பங்காளி முறை என்பது குடும்பங்களை ஒழுங்குபடுத்த முன்னோர் வகுத்த ஏற்பாடு. நோய்க் கூறுகள் பிள்ளைக்குச் சேருமா என்ற கேள்விக்கு அதில் விடை தேடக் கூடாது. அதற்கு மருத்துவரைத்தான் கேட்க வேண்டும், குறிப்பாக உறவுக்குள் திருமணம் பேசும் வீட்டார்.

இரண்டாம் கேள்வி: அந்தப் பாட்டன் காஞ்சிப் பல்லவனா, சோழனா? இதைச் சோதிக்க ஒப்பிடுவதற்கு அந்த அரசனின் உடற்பொருள் வேண்டும். இங்கிலாந்தில் அது கிடைத்தது. 2012இல் லெஸ்டர் நகரில் ஒரு வாகன நிறுத்துமிடத்தைத் தோண்டியபோது 1485இல் போரில் மாண்ட மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு வெளிப்பட்டது. தாய்வழி மட்டுமே போகும் இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) டி.என்.ஏ., அவருடைய சகோதரியின் பெண்வழி வந்தவர்களோடு பொருந்தியது. தந்தைவழி உறவினர் என்று ஆவணங்கள் சொன்ன ஐந்து பேரின் ஒய்யோ ஒருவருடையதும் பொருந்தவில்லை. அந்த ஐந்தில் ஒருவர் மற்ற நால்வரோடும் பொருந்தவில்லை. பக்கம் பக்கமாக வம்சாவளி எழுதிவைத்த அரச குடும்பத்திலேயே நிலைமை இது. பல்லவ, சோழ மன்னர்களின் எலும்பு எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை. ஆகவே “உங்கள் ஒய் சோழர் ஒய்” என்று எந்த நிறுவனம் அறிக்கை தந்தாலும் அதை நம்புவதற்கு அடிப்படை கிடையாது.

இதே போன்ற குழப்பம் ஒன்று மதுரைப் பக்கம் நடந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இராமசாமி பிச்சப்பன் குழு உசிலம்பட்டி வட்டாரத்தில் திரட்டிய மாதிரிகளில் எம்130 என்ற ஒய் திரிபு கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை சென்ற ஆதி மனிதரின் பாதையில் அது ஒரு தடயம். மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸின் ஆவணப்படம் அதை உலகறியச் செய்தது. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் ‘முதல் இந்தியர் இந்தச் சாதியார்’ என்று அதைச் சுருக்கிச் சொன்னவர்கள் அதற்குத் தீங்கு செய்தார்கள். எம்130க்கு வயது ஏறத்தாழ 50,000 ஆண்டு, அல்லது அதற்கும் மேல். ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் மங்கோலியரிடமும் அதன் கிளைகள் உண்டு. அது தோன்றியபோது நெல் விவசாயமும் இல்லை, சாதியும் இல்லை, பட்டமும் இல்லை. 2013இல் ஐதராபாத், ஹார்வர்டு அறிஞர்கள் 73 சமூகங்களை ஆராய்ந்து, இன்றைக்கு 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்தியாவில் பெரிய அளவில் கலப்பு நடந்தது, அதன் பிறகே அகமணம் இறுகியது என்று காட்டினார்கள். இராஜராஜன் காலத்துப் பட்டங்கள் அந்தக் கலப்புக்குப் பின்னால் வந்தவை.

ஒய் சொல்வது எவ்வளவு சிறிய பங்கு என்பதையும் பார்க்க வேண்டும். பத்துத் தலைமுறை பின்னே போனால் நமக்கு 1,024 மூதாதையர் இடங்கள். பட்டம் தந்தவர் அவர்களில் ஒருவர். மற்ற 1,023 பேரின் பெயரும் நம் பெயரில் இல்லை. 512 பேர் பெண்கள். 30 தலைமுறை போனால் கணக்கு 107 கோடியைத் தாண்டும். அன்று உலக மக்கள்தொகையே 40 கோடியைத் தொட்டிருக்காது. ஒரே ஆட்கள் பல வழியாகத் திரும்பத் திரும்ப நம் மூதாதையராக வருகிறார்கள் என்பதே இதற்குப் பொருள். பல்லவராயர் வீட்டுப் பிள்ளையின் உடம்பில் சேதுராயரும் மழவராயரும் கண்டியரும் கலந்துதான் இருக்கிறார்கள். மாமன் மச்சான் என்று அழைக்கப்படும் அந்த வீடுகள் அனைத்தும் பெண்வழியில் அவனுக்கும் முன்னோர் வீடுகள்தான்.

பட்டத்தைப் பற்றி உண்மையை அறிய விரும்புகிறவர்கள் எச்சில் மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எண்பது வயது தாண்டிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பூர்வீக ஊர் எது, குலதெய்வம் எந்த எல்லையில் இருக்கிறது, யார் தத்து வந்தார்கள், யார் வீட்டோடு தங்கினார்கள், எந்தக் கிளை எப்போது எந்த ஊருக்குப் பிரிந்து போனது என்று கேட்டு, தேதியிட்டு எழுதிவையுங்கள். பாட்டிகளின் பிறந்த வீட்டுப் பட்டங்களையும் ஊர்களையும் விடாமல் எழுதுங்கள். வம்சாவளிகளில் இதுவரை விடுபட்டவை அவைதான். ஊர்க் கோயில் கல்வெட்டில் உங்கள் பட்டம் இருந்தால், வெள்ளையடிப்பதற்கு முன் அதைத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.